நம் பெயரை எழுதியவர் யார்?

ஆண்டுதோறும் சூன் திங்களில் பள்ளிகள் திறக்கும்போது, நம் கல்விக் கழக அன்பர்கள் தெருத்தெருவாகச் சென்று, பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்ப்பதற்குரிய படிவங்களை நிரப்பிக் கொடுப்பது வழக்கம். படிவத்தின் முதல் வரி மாணவர் பெயர். அது உடனே நிரம்பிவிடும். அடுத்த வரி தந்தை பெயர். அங்கேதான் எழுதுகோல் நிற்கும். "வீட்டில் வைத்த பேர் கலியபெருமாள்; ஊரில் கூப்பிடுவது கலியன்; ரேஷன் அட்டையில் கலியமூர்த்தி என்று இருக்கிறது. எதை எழுத?" என்று தாய்மார் கேட்பர். கழகம் தொடங்கிய நாள்முதல் 25 ஆண்டுகளாக இக்கேள்வியை நாம் கேட்டு வருகிறோம். ஒரு மனிதருக்கு மூன்று பெயர் எவ்வாறு வந்தது? அவற்றுள் அவர் தாமே ஏற்ற பெயர் எத்தனை? வெள்ளி விழா மலரில் இதை எண்ணிப் பார்ப்பது பொருத்தமுடையது என்று கருதுகிறோம்.

ஊர்ப் பெயர்கள்

பெயரைப் பிறர் திரிப்பது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. நம் ஊர்களுக்கும் நேர்ந்தது. ஆறுகள் கடலோடு கூடுமிடத்தில் அமைந்தமையால் கூடலூர் எனப்பட்டதே பின்னர்க் கடலூர் ஆயிற்று என்பர். 1690இல் தேவனாம்பட்டினக் கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கிய ஆங்கிலக் கம்பெனியார் அதனைக் 'கட்டலூர்' என்று தம் ஏடுகளில் எழுதினர். சிதம்பரம் அவர்கள் ஏட்டில் 'சில்லம்பரம்' ஆயிற்று. கொள்ளிடம் 'கொலரூன்' ஆயிற்று. பரங்கிப்பேட்டைக்குப் போர்த்துக்கீசியர் வைத்த பெயர் 'போர்ட்டோ நோவோ'.

நாடு விடுதலை பெற்ற பின்னரும் இத்திரிபுகள் முற்றும் நீங்கவில்லை. தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றித் தமிழக அரசு 2020இல் ஓர் ஆணை வெளியிட்டது. புதிய எழுத்துக்கூட்டல்கள் பலவற்றிலும் குறை கண்டு பலர் எடுத்துக்கூறவே, சில நாள்களில் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. எழுத்தில் ஏறிவிட்ட பிழையைத் திருத்துவது ஓர் அரசுக்கே இவ்வளவு அரிதாயின், பண்ணையில் கூலிவேலை செய்த எளியவர் தம் பெயர்ப் பிழையை எவ்வாறு திருத்தியிருக்க முடியும்?

கடல் கடந்த ஒரு பெயர்

ஊர்ப் பெயரைத் திரித்தபோது ஊருக்கு இழிவு நேரவில்லை. ஆனால் நம் சமுதாயப் பெயரைத் திரித்தபோது நேர்ந்தது வேறு.

துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நால்வரையும் தொல்குடியினராகப் புறநானூற்றின் 335ஆம் பாட்டு எண்ணுகிறது. அங்கு அப்பெயரில் இழிவு ஏதும் இல்லை. பிற்காலத்தில் சாதிக் கொடுமை அப்பெயர்மேல் இழிவை ஏற்றியது. ஐரோப்பியர் வந்தபோது அச்சொல்லை அவ்விழிவோடு சேர்த்தே எடுத்துச் சென்றனர். றகரத்தை ஒலிக்க மாட்டாத அவர்கள் வாயில் அது 'பரியா' என்றாயிற்று. 1791இல் பெர்னார்டின் தெ சேன்பியேர் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் தம் கதையொன்றில் 'பரியா' ஒருவரைப் படைத்தார். 1820களில் அப்பெயர் பிரெஞ்சு நாடக மேடையிலும், செர்மானியப் பெருங்கவிஞர் கதேயின் கவிதையிலும் இடம்பெற்றது. நாளடைவில் எந்த நாட்டிலும் எவரை ஒதுக்கி வைத்தாலும் அவரைப் 'பரியா' என்று சொல்வது ஐரோப்பிய மொழிகளில் வழக்கமாயிற்று. இன்றும் ஆங்கிலச் செய்தித்தாள்கள், பிற நாடுகள் ஒதுக்கிவைத்த அரசைக் குறிக்க இச்சொல்லையே ஆளுகின்றன. அதை எழுதுவோர்க்கு, அது தென்னார்க்காட்டு வயல்களில் நெல் விளைவித்த மக்களின் பெயர் என்பது நினைவில் இருப்பதில்லை.

இப்பிழையை அக்காலத்திலேயே கண்டு உரைத்தவரும் உளர். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், பறையர் என்போர் சாதியிலிருந்து தள்ளப்பட்ட கூட்டத்தார் அல்லர், தமக்கெனத் தனி அமைப்புடைய பழங்குடியினர் என்ற கருத்துப்பட எழுதினார்; அவர்கள் திராவிடரே என்று காட்ட ஒரு பின்னிணைப்பும் சேர்த்தார். அவர் மறைந்த பின்னர் 1913இல் வந்த பதிப்பில் அப்பகுதி விடப்பட்டது. நம்மைப் பற்றி மெய்யை எழுதிய பக்கத்தையும் பிறரே எழுதினர், பிறரே எடுத்தனர். இதனை நம் இளைஞர் மறத்தலாகாது.

கப்பல் ஏறிய முனுசாமிகள்

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் 'துரோரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறையை அடைந்தது. அதுமுதல் 1911 வரை நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர் 1,52,184 பேர். அவர்களுள் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தார். வடார்க்காடு, தென்னார்க்காடு மாவட்டங்களிலிருந்து சென்றோர் மிகப் பலர். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், சாதி, ஊர் ஆகியவை எழுதப்பட்டன. எழுதியவர் தம் செவியில் விழுந்ததைத் தமக்குத் தெரிந்தவாறு எழுதினார். சொன்னவர்க்கோ அதைப் படித்துப் பார்க்க எழுத்தறிவில்லை. முனுசாமி 'மூன்சாமி' ஆனார். கவுண்டர் 'கவெண்டர்' ஆனார். சாதி எழுதும் இடத்தில் நம்மவர் பலர்க்கு 'பரியா' என்றே எழுதப்பட்டது. அப்பட்டியலில் விழுந்த எழுத்தே பேரப்பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராய் நிலைத்தது. தம் முன்னோரின் ஊரைத் தேடி இன்று தமிழகம் வருவோர், திரிந்துபோன ஊர்ப் பெயரொன்றை வைத்துக்கொண்டு அலைவதைக் காண்கிறோம்.

அமெரிக்காவில் அடிமையாய்ப் பிறந்த பிரடெரிக் பெய்லி என்பவர் 1838இல் தப்பியோடி விடுதலை பெற்றபின் பிரடெரிக் டக்ளஸ் என்று தமக்குப் புதுப்பெயர் சூட்டிக்கொண்டார். பிடிபடாமல் இருப்பதற்கு அது தேவைப்பட்டது. ஆயினும் ஆண்டான் அறிந்த பெயரை விட்டுத் தாம் ஏற்ற பெயரில் நூல் எழுதி, அப்பெயரை உலகறியச் செய்தார். விடுதலை பெற்ற மனிதர் செய்யும் முதற் செயல்களுள் தம் பெயரைத் தாமே சொல்லுதல் ஒன்று என்பது இதனாற் புலனாகும்.

மூன்று வழி, ஒரே நோக்கம்

தமிழகத்திலும் நம் முன்னோடிகள் இதைத்தான் செய்தனர். அவர்கள் சென்ற வழிகள் வேறு.

அயோத்திதாசப் பண்டிதர் 1845இல் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். கல்வி தந்த ஆசிரியர்மீது கொண்ட அன்பினால் அவர் பெயரையே தம் பெயராக ஏற்றார். பறையர் என்பதும் பஞ்சமர் என்பதும் பகைவர் சூட்டிய பெயர்கள் என்று அவர் மறுத்தார். 1881ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பை ஒட்டி, நம் மக்களை ஆதித்தமிழர் எனப் பதிய வேண்டுமென்று கோரினார். 1907இல் தொடங்கிய தம் இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர் வைத்தார். அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆயிற்று.

இரட்டைமலை சீனிவாசனார் இதற்கு எதிர்வழி சென்றார். இழிவென்று பிறர் நினைக்கும் பெயரை மறைத்தால் இழிவை ஒப்புக்கொண்டதாகும் என்பது அவர் கொள்கை. ஆகவே 1893இல் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார்.

எம்.சி. இராசா சட்டமன்ற வழியை மேற்கொண்டார். பறையர், பஞ்சமர் என்னும் சொற்களை அரசு ஏடுகளிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டுமென அவர் கொண்டுவந்த தீர்மானம் சென்னைச் சட்டமன்றத்தில் 1922இல் நிறைவேறியது. அவ்வாண்டு மார்ச்சில் அரசாணையும் வந்தது.

இம்மூவருள் யார் வழி சரி என்று இன்றும் நம் இளைஞர் வாதிடுகின்றனர். வாதிடட்டும், அது நலமே. ஆனால் மூவரும் ஒன்றில் மாறுபடவில்லை. நம்மை எப்படி அழைப்பது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நாமே என்பது அது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், அன்பினால் தரப்பட்ட பெயரையும் நம்மவர் ஏன் மறுத்தனர் என்பது விளங்கும். 1932இல் காந்தியடிகள் 'அரிசன்' என்ற சொல்லை ஆளத் தொடங்கினார். 1933 பிப்ரவரியில் அப்பெயரில் இதழும் தொடங்கினார். இழிபெயர்களை ஒழிக்க வேண்டுமென்பதே அவர் எண்ணம். ஆயினும், அப்பெயரைச் சட்டத்தில் ஏற்ற 1938இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் முயன்றபோது, அண்ணல் அம்பேத்கரும் அவர் கட்சியினரும் எதிர்த்து வெளியேறினர். எங்களைக் கேளாமல் எங்களுக்குப் பெயரா என்பதே அவர்கள் வினா. அச்சொல்லைச் சாதிச் சான்றிதழ்களில் எழுத வேண்டாமென்று நடுவணரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது 1982இல்தான். மறுப்பை மன்றத்தில் உரைத்ததற்கும் அது அலுவலக ஏட்டை எட்டியதற்கும் இடையே 44 ஆண்டுகள் கழிந்தன.

தில்லையில்

இனி நம் சிதம்பரத்துக்கு வருவோம். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த நந்தனாரைப் பெரியபுராணம் 'திருநாளைப்போவார்' என்கிறது. தில்லைக்குச் செல்லும் ஆசையால் "நாளைப் போவேன், நாளைப் போவேன்" என்று நாள்தோறும் சொல்லிச் சொல்லி, அச்சொல்லே அவர் பெயராயிற்று. சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் அடியவர் பெயர்களை அடுக்கும்போதும் இப்பெயராலேயே இவரைச் சுட்டினார். பிற அடியார் பலர் பிறந்த ஊராலும் செய்த தொண்டாலும் பெயர் பெற்றிருக்க, நம்மவர் ஒருவர் மட்டும் தள்ளிப்போன ஒரு பயணத்தால் பெயர் பெற்றார். அவர் ஏன் இன்றே போகவில்லை என்பதற்கு விடை அவர் பிறந்த சேரியில் இருக்கிறது.

1910இல் சிதம்பரம் வந்தார் சுவாமி சகசானந்தர். 1890இல் ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் பிறந்த அவர்க்குப் பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி. தென்னாப்பிரிக்கக் கப்பல் பட்டியலில் திரிந்துபோன அதே பெயர். இந்த முனுசாமி துறவு பூண்டு, கற்று, தம் குருநாதர்வழிப் பெற்ற பெயரோடு தில்லைக்கு வந்து, 1916இல் நம் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதற்கு அவர் தேர்ந்த பெயர் நந்தனார். கோயில் வாசலில் காத்து நின்றவராகவே உலகம் நினைத்த ஒருவரின் பெயரை அவர் கல்விக்கூடத்தின் வாசலில் எழுதினார். 1959 மே முதல் நாள் மறையும்வரை அவர் சட்டமன்றத்திலும் கல்விப் பணியிலும் உழைத்தார். அவர் தொடங்கிய பள்ளி இன்று அரசு நந்தனார் ஆண்கள் மேல்நிலைப் பள்ளியாக விளங்குகிறது. அங்குப் படித்தோர் சான்றிதழில் நந்தனார் பெயர் இருக்கிறது. நம் பகுதியில் எத்தனையோ குடும்பங்களில் எழுத்தறிந்த முதல் மனிதரின் சான்றிதழ் அதுவே.

காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாள் அவர்களையும் இங்கு நினைக்க வேண்டும். பள்ளியில் நம் மாணவர்க்கென ஒதுக்கி வைத்த தண்ணீர்ப் பானையைச் சிறுவராக இருந்தபோதே உடைத்தவர் அவர். 1952இல் நாடாளுமன்றம் சென்றார். 1965இல் அமைக்கப்பட்ட தீண்டாமை ஒழிப்புக் குழுவின் தலைவராகி 1969இல் அறிக்கை தந்தார். பானைமேல் பிறர் எழுதிய அடையாளத்தைத் தாங்க மறுத்த அச்சிறுவரின் பெயராலேயே இன்று அவ்வறிக்கை இளையபெருமாள் குழு அறிக்கை எனப்படுகிறது.

தெருவிலும் ஏட்டிலும்

மனுநூலின் இரண்டாம் இயலில் பெயரிடுதலுக்கும் விதி உண்டு. பார்ப்பனர் பெயர் மங்கலம் உணர்த்த வேண்டும். அரசர் பெயர் வலிமையை, வணிகர் பெயர் செல்வத்தை உணர்த்த வேண்டும். சூத்திரர் பெயர் இழிவை உணர்த்த வேண்டும். நம்மையோ அந்நூல் ஊருக்கு வெளியே வைத்தது. இவ்விதியைப் படித்தறியாத சிற்றூர்களிலும் இது வழக்கில் இருந்தது. குப்பன், மண்ணாங்கட்டி, அமாவாசை, சின்னான் முதலிய பெயர்களை நம் பாட்டனார் காலத்தில் மிகுதியாகக் காணலாம். பிறந்த குழந்தைகள் தொடர்ந்து இறந்தால் அடுத்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன் எனப் பெயரிடும் வழக்கம் பிற சாதியாரிடமும் இருந்தது. அதனை நாம் மறைக்கவில்லை. ஆனால் இராசேந்திரன் என்றும் கந்தசாமி என்றும் பெயர் வைத்த பின்னரும் அதைச் சொல்ல மறுத்தார்களே, அதற்கு எந்த வழக்கம் காரணம்? 'சாமி' என்று முடியும் பெயரை நம்மவர்க்குச் சொல்ல ஆண்டைகளின் நாக்கு எழவில்லை. கந்தசாமி கந்தனானார், முனுசாமி முனியனானார். நரைத்த தலையினரை ஆண்டை வீட்டுச் சிறுவர் அப்பெயர் சொல்லி 'வாடா' என்றனர்.

வாயில் திரிந்த பெயர் கர்ணத்தின் கணக்கில் ஏறியது. கணக்கிலிருந்து பட்டாவில் ஏறியது. கர்ணம் பதவி 1980இல் ஒழிந்தது. அவர் எழுதிய பெயர்கள் ஒழியவில்லை. 1890களில் நம் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தைக் கேட்டு இன்று செல்லும் பேரனிடம், "ஏட்டில் உள்ள முனியன்தான் உன் பாட்டன் முனுசாமி என்பதற்கு என்ன சான்று?" என்று கேட்கின்றனர்.

எம்முள் ஒருவர்க்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். அவர் தந்தையார் சோழ வேந்தன் நினைவாக மகனுக்கு இராசேந்திரன் எனப் பெயரிட்டிருந்தார். பள்ளியிற் சேர்த்த நாளில் பதிவேட்டை எழுதியவர் நிமிர்ந்து பார்த்து, "இவ்வளவு நீளம் எதற்கு? எழுதவும் உனக்குக் கடினம்" என்று நகைத்து, 'இராசு' என்று எழுதினார். தந்தையார் கைகட்டி நின்றார். வீட்டுக்கு வரும் வழியில் மகனிடம், "பள்ளிக்கூடத்தில் இராசு, நம்ம வீட்டில் இராசேந்திரன்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், சாதிச் சான்றிதழில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும் இருப்பதாகக் கூறி அவர்க்கு வந்த வேலையாணையை நிறுத்தி வைத்தனர். எட்டுத் திங்கள் அலைந்து திருத்தினார். வேலை கிடைத்த நாளில் அதைக் காணத் தந்தையார் இல்லை.

பெயரைத் திருத்தியோர் எல்லாரும் இழிவு கருதித் திருத்தினர் என்பதற்கில்லை. அண்ணலின் குடும்பத்தார் சக்பால் என்ற பெயரினர். தம்மிடம் அன்பு காட்டிய ஆசிரியர் ஒருவர் தம் குடும்பப் பெயரையே அச்சிறுவர்க்குத் தந்தார் என அவர் வரலாறு கூறுகிறது. 1900 நவம்பர் 7ஆம் நாள் சாத்தாராப் பள்ளிப் பதிவேட்டில் அம்பேத்கர் எனப் பதியப்பட்டது. ஒரே பதிவேடு, ஒரே எழுதுகோல். ஒருவர் அதனால் ஒரு சிறுவனைக் குறுக்கினார், மற்றொருவர் ஒரு சிறுவரைத் தம் வீட்டாருள் ஒருவராக்கினார்.

நம் குறையும் நம் கடமையும்

பிறர் குறையைச் சொன்ன நாம் நம் குறையையும் சொல்லவேண்டும். நம் துணிகளை வெளுத்தும் பிறப்பு இறப்புச் சடங்குகளில் பணிசெய்தும் வாழ்ந்த புதிரை வண்ணார் குடும்பத்துப் பெரியவர்களை நம் தெருப் பிள்ளைகள் எப்படி அழைத்தனர்? ஆண்டை வீட்டுச் சிறுவர் நம் பாட்டனாரை அழைத்தது போலவேயன்றோ! அவர்கள் பெயரை முழுதும் சொல்ல நம் நாக்கும் எழவில்லை. இதைத் திருத்தாமல் பிறரைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை.

2025 ஏப்ரல் 29ஆம் நாள், 'காலனி' என்னும் சொல் அரசு ஏடுகளிலிருந்தும் பொதுவழக்கிலிருந்தும் நீக்கப்படும் என்று தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பலகையில் உள்ள சொல்லை அரசு மாற்றலாம். நம் வீட்டுப் பிள்ளையின் பெயரை நாம்தான் காக்கவேண்டும். ஆகவே இளைஞர்களே, இவ்வெள்ளி விழா ஆண்டில் உங்களிடம் மூன்று பணிகளை ஒப்படைக்கிறோம்.

முதலாவது, குழந்தை பிறந்தவுடன் பிறப்புப் பதிவில் பெயரைச் சேருங்கள். ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். பள்ளிப் பதிவேட்டில் எழுதும்போது அருகில் நின்று எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். பிழையிருப்பின் அங்கேயே சொல்லுங்கள்.

இரண்டாவது, பெரியவர்களின் அட்டைகளையும் பட்டாக்களையும் சான்றிதழ்களையும் ஓரிடத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பெயர் மாறியிருந்தால் அரசிதழில் வெளியிட்டுத் திருத்தலாம். அதற்கு வேண்டிய உதவியைக் கழகம் செய்யும்.

மூன்றாவது, உங்கள் தெருவில் உள்ள முதியோரிடம் சென்று, "உங்கள் பெற்றோர் உங்களுக்கு வைத்த பெயர் என்ன?" என்று கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அடுத்த நாள் முதல் அப்பெயரைச் சொல்லி, 'அவர்கள்' என்று சேர்த்து அழையுங்கள்.

சென்ற ஆண்டுப் படிவங்களை நாங்கள் நிரப்பியபோது, ஒரு சிறுமி எழுதுகோலை எம் கையிலிருந்து வாங்கி, தந்தை பெயர் என்ற இடத்தில் தானே கலியபெருமாள் என்று முழுதும் எழுதினாள். எழுதிவிட்டு, "ரேஷன் அட்டையில்தான் தப்பு" என்றாள். கழகத்தின் 25 ஆண்டுப் பணி வீண்போகவில்லை என்று அன்று உணர்ந்தோம்.